புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்விகள் எனக்கு ஓயாமல் வரும். கச்சேரி பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் சொந்தக்காரர்கள், பள்ளி ஒப்படைப்புக்கு விவரம் தேடும் பிள்ளைகள், டிவியில் ஆட்டம் பார்த்துவிட்டுச் சந்தேகம் கேட்கும் நண்பர்கள் என்று மூன்று கூட்டம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

புக்கிட் ஜாலில்னா ஸ்டேடியத்தோட பேரா, ஊர் பேரா?

ஊர் பேர். கோலாலம்பூரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பகுதி அது. அரங்கத்தின் முழுப்பெயர் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கம். மலாயில் ஸ்டேடியம் நேஷனல் புக்கிட் ஜாலில். பேச்சில் எல்லாரும் 'புக்கிட் ஜாலில்' என்று மட்டும் சொல்வதால் இந்தக் குழப்பம்.

டாக்சியில் ஏறி வெறுமனே 'புக்கிட் ஜாலில்' என்றால், அங்கே இருக்கும் பெரிய பேரங்காடியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். 'ஸ்டேடியம் நேஷனல்' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

எப்போ கட்டினாங்க? எதுக்காக?

1998 செப்டம்பர் 11 முதல் 21 வரை கோலாலம்பூரில் நடந்த 16-ஆவது காமன்வெல்த் விளையாட்டுகளுக்காக. ஆசியாவில் அந்த விளையாட்டுகள் நடந்தது அதுதான் முதல்முறை. அதே ஆண்டு ஜூலை 11 அன்று அப்போதைய பிரதமர் மகாதீர் அரங்கத்தைத் திறந்துவைத்தார்.

இரட்டைக் கோபுரம், சிப்பாங் விமான நிலையம், புத்ராஜெயா என்று நாடே பெரிது பெரிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கட்டி முடிப்பதற்குள் 1997-இல் ஆசிய நாணய நெருக்கடி வந்து ரிங்கிட் சரிந்தது. அரங்கத்தின் அளவைப் பார்த்து 'இவ்வளவு பெரிசா எதுக்கு?' என்று கேட்பவர்கள் இந்தக் காலக்கணக்கை மனதில் வைக்க வேண்டும்: நெருக்கடிக்கு முந்தைய தெம்பில் போட்ட திட்டம் இது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் பல இடங்களில் தேவைப்படும். இது தொடக்கவிழா, நிறைவுவிழா, தடகளம் மூன்றுக்குமாகக் கட்டிய இடம். காற்பந்து பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. நான் கேட்கும் குறைகளில் பாதிக்கு வேர் இதுதான்.

அதுக்கு முன்னாடி மலேசியாவுக்குத் தேசிய அரங்கமே இல்லையா?

இருந்தது. நகர மையத்தில் இருக்கும் மெர்டேக்கா அரங்கம். 1957 ஆகஸ்டு 31 அன்று முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்த இடம். இந்தியர்களுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் அது நினைவில் இருக்க வேண்டும். 1975-இல் அஜித்பால் சிங் தலைமையில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பை ஹாக்கியைத் தூக்கியது அங்கேதான். அதற்கு முந்தைய அரையிறுதியில் மலேசியாவை 3-2 என்று தட்டுத்தடுமாறித்தான் தாண்டினார்கள். எங்கள் பெரியவர்கள் சிலருக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் போகவில்லை. அதே ஆண்டு குத்துச்சண்டையில் முகம்மது அலி ஜோ பக்னரோடு மோதியதும் அங்கேதான்.

1994-இல் பக்கத்து மாநிலமான சிலாங்கூரில் ஷா ஆலாம் அரங்கம் வந்தது. சுமார் 80,000 பேர் கொள்ளும். புக்கிட் ஜாலில் திறந்த பிறகும் பல பெரிய ஆட்டங்கள் அங்கே நடந்துகொண்டுதான் இருந்தன.

ஒரு லட்சம் பேர் உட்காரலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

ஆரம்பத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். நெடுங்காலம் ஏடுகளில் இருந்த எண் 87,411 இருக்கைகள். இப்போது சொல்லப்படுவது 85,500.

சிக்கல் என்னவென்றால், இதைவிட அதிகக் கூட்டமும் பதிவாகியிருக்கிறது. தென்கிழக்கு ஆசிய நாடுகள் மோதும் ஆசியான் காற்பந்துக் கோப்பையில் இறுதி இரண்டு சுற்று, சொந்த மண்ணில் ஒன்று, எதிரணி மண்ணில் ஒன்று. 2010 இறுதியின் முதல் சுற்றுக்கு இங்கே வந்தவர்கள் 98,543 பேர் என்று கணக்கு. 2018 இறுதியாட்டத்துக்கு 88,482. இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில் இது அடங்காது. படிக்கட்டு, நடைவழி, கம்பி ஓரம் என்று நின்று பார்த்தவர்களையும் சேர்த்தால்தான் வரும். இன்றைய பாதுகாப்பு விதிகளில் அப்படி விடுவார்கள் என்று எண்ணிச் சீட்டில்லாமல் கிளம்பிவிடாதீர்கள். கச்சேரிக்கு எண்ணிக்கை வேறு மாதிரி மாறும்: மேடைக்குப் பின்னால் வரும் இருக்கைகளை விற்க மாட்டார்கள், அதற்கு ஈடாகத் திடலில் ஆள் நிறுத்துவார்கள்.

அப்போ ஆசியாவிலேயே பெரிசு இதுதானா?

இல்லை. தென்கிழக்கு ஆசியாவில் மட்டும் பெரியது. ஜகார்த்தாவின் கெலோரா பூங் கார்னோ ஒரு காலத்தில் இதைவிடப் பெரியது. 2018 ஆசிய விளையாட்டுகளுக்காகப் புதுப்பித்தபோது தனித்தனி இருக்கை போட்டதில் எண்ணிக்கை எண்பதாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆசியா என்று எடுத்தால் அகமதாபாத்தின் நரேந்திர மோடி அரங்கம் 1,32,000. கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கமும் முன்பு 1,20,000 பேருக்கானது. 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகக் குறைத்த பிறகு கிட்டத்தட்ட நம் அளவுக்கு, 85,000-க்கு வந்துவிட்டது.

கூரைக்குத் தூணே காணோமே, எப்படி நிக்குது? மழை வந்தா நனைவோமா?

சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிவளையம் அழுத்தத்தைத் தாங்கும், உள்வளையம் இழுபட்டு நிற்கும், இரண்டுக்கும் நடுவே ஆரக்கால்கள் மாதிரிக் கம்பி வடங்கள் ஓடும். அந்த வடங்களின் மேல் வெள்ளை நிறப் பூச்சுத்துணி விரித்திருக்கிறார்கள். அதனால் பார்வையாளர் நடுவே தூண் எதுவும் வராது, எங்கே உட்கார்ந்தாலும் மறைக்காது. இந்தக் கூரை ஜெர்மனியின் ஷ்லாய்ஷ் பெர்கர்மன் பொறியாளர்களின் வேலை. ஸ்டுட்கார்ட் அரங்கத்தின் கூரையும் அவர்கள் கைவண்ணம்தான். படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் சாயல் தெரியும்.

கூரை இருக்கைகளுக்கு மட்டும்தான், திடல் திறந்தவெளி. மேல்தட்டில் இருந்தால் பெரும்பாலும் நனைய மாட்டீர்கள். கீழ்த்தட்டின் முன்வரிசைகளில் காற்றோடு அடிக்கும் சாரல் கட்டாயம் வரும். கோலாலம்பூர் மழை பெரும்பாலும் பிற்பகலிலோ அந்தி சாயும்போதோதான் கொட்டும், அதாவது நீங்கள் உள்ளே நுழையும் நேரம் பார்த்து. குடையை வாசலில் பிடுங்கி வைத்துக்கொள்ளும் நிகழ்ச்சிகள் உண்டு என்பதால் பையில் ஒரு மழைச்சட்டை வைத்துக்கொள்வது நல்லது.

ஆட்டக்காரங்க ஏன் எறும்பு மாதிரி தெரியறாங்க?

ஓட்டப்பாதை. 400 மீட்டர் தடகளப் பாதை திடலைச் சுற்றி ஓடுகிறது, அதற்கும் அப்பால்தான் முதல் வரிசையே தொடங்குகிறது. கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் வளைவில் இடைவெளி இன்னும் கூடும். மேலே சொன்னேனே, இது தடகளத்துக்குக் கட்டியது என்று; அதன் விலையைக் காற்பந்து ரசிகர்தான் கொடுக்கிறார்.

என் யோசனை: காற்பந்துக்கு நீளவாட்டுப் பக்கங்களில், மேல்தட்டின் கீழ்வரிசைகளில் சீட்டு வாங்குங்கள். தூரம் கொஞ்சம் கூடினாலும் ஆட்டத்தின் அமைப்பு முழுதாகத் தெரியும். கீழ்த்தட்டின் முன்வரிசை கிட்டத்தில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் கண் திடலின் மட்டத்துக்கு வந்துவிடுவதால் எதிர்ப்பக்கம் நடப்பது புரியாது. சத்தம்தான் வேண்டும், ஆட்டம் பார்ப்பது இரண்டாம்பட்சம் என்றால் 'அல்ட்ராஸ் மலாயா' ஆதரவாளர்கள் நிற்கும் வளைவுப் பக்கம் போங்கள். தொண்ணூறு நிமிடமும் உட்கார விட மாட்டார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

1998-இல் டெண்டுல்கர் இங்க கிரிக்கெட் ஆடினாரே?

மலேசியாவில் ஆடினார், இந்த அரங்கத்தில் இல்லை. அந்தக் காமன்வெல்த் விளையாட்டுகளில் கிரிக்கெட்டும் சேர்க்கப்பட்டிருந்தது உண்மை. அஜய் ஜடேஜா தலைமையில் டெண்டுல்கர், கும்ப்ளே எல்லாம் வந்தார்கள். ஆனால் ஆட்டங்கள் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் சிறிய கிளப் திடல்களில் நடந்தன. தங்கம் தென்னாப்பிரிக்காவுக்கு, வெள்ளி ஆஸ்திரேலியாவுக்கு. இந்தியா பதக்கமில்லாமல் திரும்பியது.

ஓட்டப்பாதைக்குள் அடங்கும் திடல் நீள்சதுரமானது. முறையான கிரிக்கெட் எல்லைக்கோடு போட அகலம் போதாது.

சரி, 1998-இல் இந்த அரங்கத்துக்குள்ள என்னதான் நடந்துச்சு?

தடகளத்தில் பெரிதாகப் பேசப்பட்டது ஆண்கள் 100 மீட்டர். டிரினிடாட்டின் ஆட்டோ போல்டன் 9.88 வினாடியில் ஓடினார், காமன்வெல்த் விளையாட்டுச் சாதனை. 400 மீட்டரில் பிரிட்டிஷ்காரர்கள் இருவருக்கு அடுத்ததாக இலங்கையின் சுகத் திலகரத்ன வெண்கலம் வாங்கினார்.

மலேசியத் தமிழர்களுக்கு அந்த விளையாட்டுகள் என்றாலே ஜி. சரவணன்தான். 50 கிலோமீட்டர் நெடுநடையில் ஆஸ்திரேலியர்களை முந்தித் தங்கம் வென்றார். காமன்வெல்த் தடகளத்தில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக, வெயிலிலும் புழுக்கத்திலும், ஒரு கால் எப்போதும் தரையைத் தொட்டிருக்க வேண்டும் என்ற விதியோடு நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நெடுநடையை யாரும் கண்டுகொள்ளாத நாட்டில் அன்று வீட்டுக்கு வீடு அதைப் பற்றித்தான் பேச்சு.

அரசியலும் உள்ளே நுழைந்தது. செப்டம்பர் 2 அன்று பதவி நீக்கப்பட்டிருந்த துணைப்பிரதமர் அன்வார் இப்ராஹிம், செப்டம்பர் 20 இரவு கைது செய்யப்பட்டார். மறுநாள் இங்கே நிறைவுவிழா. எலிசபெத் அரசியார் வந்திருந்தார். தெருவில் ஆர்ப்பாட்டம், அரங்கத்தில் வாணவேடிக்கை. அதே அன்வார் 2022 நவம்பரில் பிரதமரானார்.

இங்க நடந்ததிலேயே பெரிய மேட்ச் எது?

வயதைப் பொறுத்துப் பதில் மாறும். என்னைக் கேட்டால் 2010 டிசம்பர் 26, ஆசியான் கோப்பை இறுதியின் முதல் சுற்று, இந்தோனேசியாவுக்கு எதிராக.

முதல் பாதி கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில் இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலை விட்டு வெளியேறினார்கள். கூட்டத்தில் சிலர் பச்சை லேசர் ஒளியைக் கோல்காவலர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அசிங்கமான வேலை, அதற்கு நியாயம் கிடையாது. சுமார் எட்டு நிமிடம் ஆட்டம் நின்றது. மறுபடி தொடங்கிய பிறகு 61-ஆவது நிமிடம் சாஃபி சாலி, 68-இல் அஷாரி, 73-இல் மீண்டும் சாஃபி. பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று கோல். 29-ஆம் தேதி ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2. மலேசியாவுக்கு முதல் ஆசியான் கோப்பை. டிசம்பர் 31-ஐ அரசாங்கம் பொது விடுமுறையாக அறிவித்தது.

அந்த அணியின் பயிற்றுநர் கே. ராஜகோபால். அதற்கு முந்தைய ஆண்டு லாவோஸில் நடந்த சீ விளையாட்டில் (தென்கிழக்கு ஆசிய விளையாட்டுகள்) தங்கம் வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். வெளிநாட்டுப் பயிற்றுநருக்கு ஆலாய்ப் பறக்கும் நாட்டில், உள்ளூர்த் தமிழர் ஒருவர் இளம் பையன்களை வைத்துச் சாதித்தது அது. இதற்கு அடுத்தபடியாக 2022 ஜூன் 14-ஐச் சொல்வேன். பங்களாதேசத்தை 4-1 என்று வென்று, 1980-க்குப் பிறகு முதல்முறையாகத் தகுதிச்சுற்று வழியே ஆசியக் கோப்பைக்குள் நுழைந்த இரவு.

ஜெயிச்சதை மட்டும் சொல்றீங்க. தோத்த கதை?

தாராளமாக இருக்கிறது. 2007 ஆசியக் கோப்பையை மலேசியா மூன்று நாடுகளோடு சேர்ந்து நடத்தியது. சொந்த மண்ணில், இதே அரங்கத்தில், சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. வாங்கியது பன்னிரண்டு கோல், போட்டது ஒன்று. அந்தத் தொடரில் இங்கே மனதைத் தொட்ட ஆட்டம் வேறு யாருடையதோ: ஜூலை 25 அரையிறுதியில் போரால் சிதைந்திருந்த ஈராக், தென்கொரியாவைப் பெனால்டியில் 4-3 என்று வென்றது. நான்கு நாள் கழித்து ஜகார்த்தாவில் கோப்பையும் அவர்களுக்கே.

2014 ஆசியான் இறுதியின் இரண்டாம் சுற்றில் தாய்லாந்தை இங்கே 3-2 என்று வென்றும் மொத்தக் கணக்கில் கோப்பை போனது. 2018-இல் வியட்நாமோடு 2-2. பிறகு ஹனோயில் தோல்வி.

2017-இல் பழசை இடிச்சிட்டுப் புதுசா கட்டினாங்களா?

இடிக்கவில்லை. எலும்புக்கூடு அதேதான், தோலை மாற்றினார்கள். 2017 சீ விளையாட்டுகளுக்காக 'கோலாலம்பூர் ஸ்போர்ட்ஸ் சிட்டி' என்ற பெயரில் வளாகம் முழுவதையும் புதுப்பிக்கும் திட்டம், 1.34 பில்லியன் ரிங்கிட். எம்.ஆர்.சி.பி. என்ற நிறுவனம் செய்தது. அரசு கைக்காசு கொடுப்பதற்குப் பதில் பக்கத்து நிலத்தைக் கொடுக்கும் ஏற்பாடு என்பதால் அப்போது நிறைய வாக்குவாதம் நடந்தது.

வெளிப்புறத்தைச் சுற்றிச் செங்குத்தாக முறுக்கி நிற்கும் தகடுகளும் அவற்றில் நிறம் மாறும் விளக்குகளும் அப்போது வந்தவை. இரவில் படம் எடுக்கிறீர்களே, அதுதான். இருக்கைகள், விளக்கு, ஒலி எல்லாம் மாற்றப்பட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டு 19 அன்று சீ விளையாட்டின் தொடக்கவிழா இங்கே நடந்தது. 2001 சீ விளையாட்டுக்கும் இதே அரங்கம்தான்.

புல்லுக்கு என்ன ஆச்சு? ஏன் எப்பவும் திட்டு வாங்குது?

இந்த அரங்கத்தின் தீராத நோய் இது. பல ஆண்டுகள் இங்கே இருந்தது கவ் கிராஸ் என்ற அகல இலைப் புல். வெயிலையும் மழையையும் தாங்கும், பராமரிப்பும் சுலபம். ஆனால் இலை பரட்டையாக வளர்வதால் பந்து சீராக உருளாது, கனமழை பெய்தால் திடல் சேறாகும். விமர்சனம் முற்றி, 2023-இல் ஸியோன் சோய்சியா என்ற மெல்லிலைப் புல்லுக்கு மாற்றினார்கள். நெருக்கமாகப் படரும், நிழலைக் கொஞ்சம் பொறுக்கும். பந்து ஓடுவதில் வித்தியாசம் டிவியிலேயே தெரிந்தது.

ஆனால் எந்தப் புல்லாக இருந்தாலும் அதன் மேல் பலகை விரித்து, மேடை கட்டி, பல்லாயிரம் பேரை நிறுத்தினால் என்ன ஆகும்? வெளிச்சம் கிடைக்காது, மண் இறுகும், இறுகிய மண்ணில் தண்ணீர் வடியாது. மேடை நிற்கும் பக்கம் மற்ற இடத்தைவிட அதிகம் கெடும்; சில நாள் அங்கே வெளிச்சமே படாது. 2023 நவம்பர் 22 அன்று இங்கே கோல்ட்பிளே இசைநிகழ்ச்சி. டிசம்பர் 8 அன்று மலேசியக் கிண்ண இறுதியாட்டம். நடுவில் பதினாறு நாள். புல் மனிதனில்லை, நாள்காட்டி பார்த்து வளராது.

அப்போ கச்சேரிக்கு விடாம இருந்தா என்ன?

சொல்வது எளிது. தேசிய அணி ஆண்டுக்குச் சில ஆட்டங்கள்தான் இங்கே ஆடும், அப்புறம் ஓரிரு இறுதியாட்டங்கள். மீதி நாளெல்லாம் இவ்வளவு பெரிய இடத்தின் மின்கட்டணத்துக்கும் பராமரிப்புக்கும் காசு வேண்டும். அரங்கம் அரசுடைய மலேசிய அரங்கக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இளைஞர், விளையாட்டு அமைச்சு மேற்பார்வை. கச்சேரி வாடகையில் வரும் பணத்தை அவர்களால் வேண்டாம் என்று தள்ள முடியாது. என் வருத்தம் கச்சேரி நடப்பதில் இல்லை. ஆட்டத்துக்கும் கச்சேரிக்கும் நடுவே போதுமான இடைவெளி விடாமல் தேதி கொடுப்பதில்தான்.

தமிழ் நிகழ்ச்சி எது எது நடந்திருக்கு?

2018 ஜனவரி 6-இல் தென்னிந்திய நடிகர் சங்கத்தின் கட்டட நிதிக்காக நட்சத்திர விழா நடந்தது. ரஜினி, கமல் இருவரும் வந்தார்கள், நடிகர்கள் பந்தாட்டமும் ஆடினார்கள். 2023 ஜனவரி 28-இல் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி. 2025 டிசம்பர் 27-இல் நடிகர் விஜய்யின் பட இசை வெளியீட்டு விழா. அதற்கென்றே தமிழ்நாட்டிலிருந்து விமானம் ஏறி வந்தவர்களால்தான் என் தொலைபேசி சூடானது.

'கேலரியா, திடலா?' என்று கேட்பவர்களுக்கு: திடலில் நின்றால் முன்னால் இருப்பவரின் கைப்பேசியைத்தான் பார்ப்பீர்கள். மேடைக்கு நேரெதிர் வளைவு ரொம்பத் தூரம். பக்கவாட்டுக் கீழ்த்தட்டுதான் சரியான இடம். காற்பந்துக்கு வேண்டாம் என்று சொன்னேனே, அதே இடம் கச்சேரிக்கு உகந்தது.

அங்க முன்னாடி நம்மாளுங்க தோட்டம் இருந்துச்சாமே?

ஆமாம். புக்கிட் ஜாலில் ஒரு ரப்பர் தோட்டம். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக லயங்களில், அதாவது தோட்ட வரிசைவீடுகளில், வாழ்ந்து ரப்பர் பால் எடுத்த இடம். 1980-களிலிருந்து நிலம் துண்டு துண்டாக அரசு கைக்கும் மேம்பாட்டுக்கும் போனது. விளையாட்டு வளாகம், கோல்ஃப் திடல், தொழில்நுட்பப் பூங்கா எல்லாம் வந்தன. கடைசியில் எஞ்சிய சில குடும்பங்கள், அடுக்குமாடி வீடு வேண்டாம், தரைவீடு கட்டிக்கொள்ள நான்கு ஏக்கர் நிலம் கொடுங்கள் என்று பல ஆண்டுகள் போராடின. 2011 வாக்கில் அது நாடறிந்த பிரச்சினை. அவர்கள் நின்றது அரங்கம் இருக்கும் அதே மனையில் அல்ல, ஆனால் அதே தோட்டத்தில்.

இன்றும் அங்கே இருக்கும் தமிழ்ப்பள்ளியின் பெயரில் 'லாடாங்', அதாவது தோட்டம், ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் எழும்பி நிற்க, ஒரு ரப்பர் மரம்கூடக் கண்ணில் படாது.

வளாகத்துல வேற என்ன இருக்கு?

பக்கத்திலேயே உள்ளரங்கம், சுமார் 16,000 இருக்கை. புத்ரா ஸ்டேடியம் என்று பிறந்து, ஆக்சியாட்டா அரினா என்று பழகி, விளம்பரதாரர் மாறியதும் யூனிஃபை அரினா ஆனது. மூன்று பெயரும் ஒரே கட்டடம்தான். சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பதற வேண்டாம். மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டி நடப்பது அங்கே. ஆனால் 'புக்கிட் ஜாலிலில் கச்சேரி' என்றால் பெரிய அரங்கமா உள்ளரங்கமா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நீச்சல் மையம், ஹாக்கி அரங்கம், ஸ்குவாஷ் மையம், விளையாட்டுப் பள்ளி ஆகியவையும் சுற்றி இருக்கின்றன. ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியின் தலைமையகமும் இதே புக்கிட் ஜாலிலில்தான்.

தடுப்பூசி இங்கதான போட்டாங்க?

ஆமாம். 2021 ஜூனில் பெருந்தொற்றுக் காலத்தின் மாபெரும் தடுப்பூசி மையங்களில் ஒன்றாக இது திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் ஊசி போடும் திட்டம். மலேசியர் பலருக்கு இந்த அரங்கத்துக்குள் முதன்முதலாகக் கால்வைத்த நினைவே கையில் ஊசி போட்ட நினைவுதான்.

ஏர்போர்ட்லருந்தும் பிரிக்ஃபீல்ட்ஸ்லருந்தும் எப்படிப் போறது?

அரங்கத்தை ஒட்டியே எல்.ஆர்.டி. (நகர ரயில்) நிலையம் இருக்கிறது, பெயர் புக்கிட் ஜாலில், ஸ்ரீ பெட்டாலிங் தடம். இறங்கினால் நடைதூரம்.

விமான நிலையத்திலிருந்து: கே.எல்.ஐ.ஏ. டிரான்சிட் ரயிலில் பண்டார் தாசேக் செலாத்தான் நிலையத்தில் இறங்கி எல்.ஆர்.டி.க்கு மாறுங்கள், அங்கிருந்து இரண்டாவது நிலையம். எங்கும் நிற்காத எக்ஸ்பிரஸில் ஏறினால் நேரே கே.எல். சென்ட்ரல் போய்விடும், கவனம். பிரிக்ஃபீல்ட்ஸில் தங்குபவர்கள் கே.எல். சென்ட்ரலில் கிளானா ஜெயா தடம் பிடித்து மஸ்ஜித் ஜாமெக்கில் மாற வேண்டும். அங்கே ஒரே நடைமேடைக்கு இரண்டு தட ரயிலும் வரும். 'புத்ரா ஹைட்ஸ்' என்று எழுதியிருப்பதில் ஏறுங்கள். 'அம்பாங்' என்று இருப்பது சான் சோ லின்னில் பிரிந்து வேறு பக்கம் போய்விடும். முக்கால்வாசிப் பேர் தொலைவது இங்கேதான்.

முடிஞ்சு வெளிய வரும்போது எப்படி? கார்ல போகலாமா?

வரலாம், திரும்புவதுதான் பாடு. வாகன நிறுத்தத்திலிருந்து சாலையைத் தொடவே ஒரு மணி நேரம் ஆகலாம். ரயிலிலும் வரிசை நீளும். பெரிய நிகழ்ச்சி என்றால் ரயில் நேரத்தை நீட்டிப்பதுண்டு, ஆனால் அன்றன்று அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு வந்தால் அவசரப்படாதீர்கள். பக்கத்து மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) ஒரு தே தாரிக்கும் (ஆற்றிய பால் தேநீர்) ரொட்டி சானாயும் (பரோட்டா மாதிரி) முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பினால் கூட்டம் பாதி கரைந்திருக்கும். வாடகைக் காரை அரங்க வாசலுக்கே வரச்சொல்லாதீர்கள், கட்டணமும் ஏறும், ஓட்டுநரும் வந்து சேர மாட்டார்.

2026 காமன்வெல்த் மறுபடி இங்க வர இருந்ததாமே?

வரச்சொல்லிக் கேட்டார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2023-இல் கையை விரித்த பிறகு, பத்துக் கோடி பவுண்டு உதவியோடு மலேசியாவுக்கு வாய்ப்பு வந்தது. அவகாசமும் பணமும் போதாது என்று 2024 மார்ச்சில் மலேசியா மறுத்துவிட்டது, பிறகு கிளாஸ்கோவுக்குப் போனது. அரங்கம் தயாராக இருந்தால் போதாதா என்றால், போதாது. வீரர்கள் தங்குமிடம், பாதுகாப்பு, ஒளிபரப்பு இவற்றில்தான் பணம் கரையும். மறுத்தது சரி என்பது என் எண்ணம்.

ஓட்டப்பாதையை எடுத்துட்டு முழு காற்பந்து அரங்கமா மாத்த முடியாதா?

இதை ரசிகர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் புதிய தேசிய அரங்கத்தைக் கட்டும்போதே கீழ்த்தட்டு இருக்கைகளை நகர்த்தும்படி அமைத்தார்கள்; காற்பந்துக்கு முன்னே வரும், தடகளத்துக்குப் பின்னே போகும். ஆனால் அது 55,000 பேருக்கானது, அடியிலிருந்து புதிதாகக் கட்டியது. புக்கிட் ஜாலிலின் கீழ்த்தட்டு நகராது. வேண்டுமென்றால் திடலைத் தோண்டி இறக்கி, இருக்கைகளை முன்னால் நீட்ட வேண்டும். கூரையோ பழைய வட்டத்துக்கு அளந்து செய்தது. புது வரிசைகளெல்லாம் மழையில் கிடக்கும்.

பாதையை எடுத்தால் இவ்வளவு பேர் பார்க்கும் தடகள அரங்கம் நாட்டில் வேறு இல்லாமல் போகும். ஷா ஆலாமைச் சுமார் 45,000 பேருக்கான புது அரங்கமாகக் கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். ஜொகூரில் 2020-இல் திறந்த சுல்தான் இப்ராஹிம் அரங்கம் 40,000 பேருக்கு, ஓட்டப்பாதை கிடையாது, ஆட்டக்காரர் மூச்சுவிடுவது கேட்கும் அளவுக்குக் கிட்டத்தில் உட்காரலாம். சாதாரணத் தகுதிச்சுற்று ஆட்டங்களை அப்படிப்பட்ட இடத்தில் வைத்துவிட்டு, எண்பதாயிரம் பேர் கட்டாயம் வருவார்கள் என்ற ஆட்டத்துக்கு மட்டும் புக்கிட் ஜாலிலைத் திறந்தால் போதும். 2025 மே 28 அன்று ஆசியான் நட்சத்திர அணி மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்றபோது 72,550 பேர் வந்தார்கள். அன்று ஓட்டப்பாதையைப் பற்றி யாரும் என்னிடம் குறை சொல்லவில்லை.